அணைக்கக் கூடாத கணினி

மார்ச் 6, வெள்ளி

மறுபடியும் அதே கட்டடம், அதே லிஃப்ட் ரிப்பேர். கதவு சென்சாரின் மேல் யாரோ அட்டையை மடித்துச் செருகி வைத்திருக்கிறார்கள். யார் செய்தது என்று கேட்டால் வாட்ச்மேன் மேலே பார்க்கிறார். வானத்திலிருந்து விழுந்து தானாகவே மடிந்து உட்கார்ந்துகொண்டது போலிருக்கிறது. ஒரு பொருள் ஏன் அப்படி இருக்கிறது என்று கேட்காமல் அதில் கை வைக்கிறவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

அக்கா போன் செய்தாள். பட்டறைக் கணினி விமானம் மாதிரி இரைகிறதாம். ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்றேன்.

மார்ச் 8, ஞாயிறு

என் தலையில் நானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்ட நாள். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

அக்காவின் எம்பிராய்டரி பட்டறை ஒரே அறை. நடுவில் ஆறு தலை மெஷின். சீருடைகளுக்கான பேட்ஜை ஒரே நேரத்தில் ஆறாகத் தைத்துத் தள்ளும். மூலையில் இரும்பு மேஜை, அதன் மேல் பழைய லேப்டாப். கனம், கறுப்பு, செங்கல் மாதிரி. டிசைன் அதிலிருந்துதான் கேபிள் வழியாக மெஷினுக்குப் போகிறது. மெஷினோடு பேசத் தெரிந்த மென்பொருள் உலகத்திலேயே அந்த ஒரு டிஸ்க்கில்தான் மிச்சமிருக்கிறது என்று நினைக்கிறேன். செய்த கம்பெனியே இப்போது இல்லை.

லேப்டாப்பின் பவர் பொத்தான் மேல் ஒரு பாட்டில் மூடியைக் கவிழ்த்து டேப் ஒட்டியிருந்தாள்.

"இது என்ன கிரீடம்?"

"யாரும் தெரியாம அமுக்கிடக் கூடாதுன்னுதான். ஃபேனை மட்டும் துடை. அணைக்காத."

"அணைச்சா என்ன, அழுவுமா?"

"அணைக்காதன்னா அணைக்காதடா. ரெண்டு வருஷமா ஓடுது. ஓடட்டும்."

அவளுக்குப் போன் வந்தது, வாசலுக்குப் போனாள். ஓடுகிற ஃபேனை எவன் துடைப்பான்? மூடநம்பிக்கை என்று நினைத்தேன். மூடியைப் பிய்த்தேன், முறைப்படி அணைத்தேன், கழற்றினேன். உள்ளே போர்வை மாதிரி நூல் தூசி. சுத்தமாகத் துடைத்து, சூடு கடத்தும் பசை வைத்து, மூடி, போட்டேன். அரை மணி நேர வேலை. என்னையே மெச்சிக்கொண்டேன்.

திரையில் ஒரு பூட்டுப் படம். பக்கத்தில் ஒரு வெற்றுக் கட்டம். அவ்வளவுதான்.

பயாஸ் பாஸ்வேர்ட். கணினி கண் விழித்ததும் முதலில் ஓடுவது பயாஸ். அது விண்டோஸுக்கும் முன்னால் வாசலில் நிற்கும் ஆள். அது வழிவிடவில்லை என்றால் உள்ளே ஒன்றுமே நடக்காது.

அக்கா திரும்பி வந்தாள். திரையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். கத்தியிருந்தால் பரவாயில்லை. நாற்காலியில் மெதுவாக உட்கார்ந்தாள்.

"அணைச்சிட்டியா?"

"பாஸ்வேர்ட் சொல்லு, போட்டுடலாம்."

"தெரியாது."

"யாரு போட்டது?"

"அவர் இருந்தப்ப போட்டது."

அவர்! இன்னும் அவர். இரண்டு வருஷத்துக்கு முன்னால் இவளை விட்டுவிட்டு வேறு ஊருக்குப் போனவன். ஒரு காலத்தில் நான் அத்தான் என்று கூப்பிட்டவன். போகும்போது கதவையும் பூட்டிவிட்டுப் போயிருக்கிறான்.

சரி, டிஸ்க்கில் இருப்பதற்கு ஒரு காப்பியாவது எடுத்து வைத்திருந்தேனா? இல்லை. முதலில் காப்பி, அப்புறம்தான் கை. கம்பெனியில் புதிதாக வருகிறவர்களுக்கு நான்தான் இதைப் பாடமாக எடுக்கிறேன். நானே!

மார்ச் 9, திங்கள்

வேலை முடிந்து நேராகப் பட்டறைக்கு. அவர்கள் கல்யாண நாள், அவன் பிறந்த நாள், அவன் பைக் நம்பர், மெஷின் பெயர், ஊர்ப் பெயர் எல்லாம் அடித்துப் பார்த்தேன். மூன்று தடவை தப்பினால் பீப் என்று ஒரு சத்தம் போட்டுவிட்டு உறைந்துபோகிறது. பொத்தானை அழுத்திப் பிடித்து அணைத்து மறுபடி போட வேண்டும். அந்தப் பீப் இப்போது காதுக்குள்ளேயே இருக்கிறது.

அம்மா போன். "உனக்குக் கை சும்மாவே இருக்காதாடா? ஓடிக்கிட்டிருந்ததை நிறுத்திட்டு இப்ப ஒக்காந்து தட்டிக்கிட்டிருக்க. மாப்பிள்ளைக்கு ஒரு போன் போட்டுக் கேட்டா முடிஞ்சுது."

"அவனுக்கா? வேற ஆளைப் பாரு."

"அவ கேக்க மாட்டா. நீயும் கேக்க மாட்ட. அப்ப மெஷின் யாரைக் கேட்டு ஓடும்?"

வைத்துவிட்டேன்.

மார்ச் 10, செவ்வாய்

நேற்று ராத்திரியே மதர்போர்டிலிருந்த பட்டன் பேட்டரியைக் கழற்றி ஒரு நாள் முழுக்க வெளியே வைத்தேன். பழைய டெஸ்க்டாப்பாக இருந்தால் இதற்கே எல்லாவற்றையும் மறந்துபோய் வழிவிட்டிருக்கும். இது தேதியை மறந்தது, நேரத்தை மறந்தது, பாஸ்வேர்டை மட்டும் மறக்கவில்லை. எட்டுக் கால் வைத்த ஒரு குட்டிச் சிப்பில் அதைத் தனியாகப் பூட்டி வைத்திருக்கிறது. பேட்டரி இருந்தாலும் இல்லாவிட்டாலும் அதற்கு ஒன்றுதான்.

டிஸ்க்கைக் கழற்றி என் கணினியில் போட்டேன். அதுவும் பூட்டு. டிஸ்க்குக்குத் தனி பாஸ்வேர்ட்! வாசலையும் பூட்டி, உள்ளே அலமாரியையும் பூட்டி — எவ்வளவு வன்மம் இருந்தால் ஒருவன் இப்படிச் செய்வான்?

மார்ச் 12, வியாழன்

கணினி ரிப்பேர் கடை. கடைக்காரர் தன்னை டாக்டர் என்று சொல்லிக்கொள்கிறார். கவுன்டரில் உட்கார்ந்துகொண்டு, தொடாமலே பார்த்தார்.

"சிப்பை மாத்திடலாம் தம்பி. மெஷின் தொறக்கும்."

"டிஸ்க்கும் பூட்டியிருக்கு."

"அப்ப டிஸ்க்கையும் மாத்திடலாம்."

"டிஸ்க்ல இருக்கறதுதான் வேணும்."

"அது கஷ்டம்."

"அப்புறம் எதுக்கு மாத்தணும்?"

"நீங்கதான தொறக்கணும்னு வந்தீங்க?"

செங்கல்லைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். ஒரு நிமிஷம் கூட நின்றிருந்தால் அதை அவர் மண்டையில் வைத்திருப்பேன்.

இணையத்தில் கேட்டிருந்தேன். ஒருவன் சூட்டில் வை என்கிறான், ஒருவன் குளிரில் வை என்கிறான். மூன்றாமவன் புதுசு வாங்கு என்கிறான். இப்படி அறிவுரை சொல்லவும் ஒரு பாஸ்வேர்ட் வைத்தால் தேவலை.

மார்ச் 14, சனி

அக்கா ஒற்றை ஊசி மெஷினில் ஆஸ்பத்திரிச் சின்னத்தைக் கையாலேயே ஓட்டிப் பார்த்தாள். காலையிலிருந்து ஒரே ஒரு பேட்ஜ். சின்னத்தில் இருக்கும் விளக்கு, மிதிபட்ட பூச்சி மாதிரி வந்திருந்தது.

"இதை மாட்டிக்கிட்டு நர்ஸ் வந்தா பேஷண்ட் எழுந்து ஓடிடுவான்," என்றேன்.

சிரித்தாள். பிறகு அழுதாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். எனக்கு இதெல்லாம் வராது.

விஷயம் இதுதான். ஆஸ்பத்திரியின் புதுக் கட்டடத்தில் எல்லா ஊழியர்களுக்கும் பேட்ஜ். அவன் போன பிறகு அவள் தனியாகப் போய், பேசி, மாதிரி காட்டி வாங்கிய முதல் பெரிய வேலை. மாதக் கடைசியில் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் இன்னொருவருக்குப் போய்விடும்.

"இது போச்சுன்னா ஷட்டரை இழுத்துப் பூட்டிட்டு அம்மா வீட்டுக்கு வந்து ஒக்காந்துக்கறேன்," என்றாள்.

"அவனைக் கேளேன்."

"மாட்டேன். நான் இல்லாம நீ மூணு மாசம் தாங்க மாட்டன்னு சொல்லிட்டுப் போனவர். இப்ப போன் பண்ணி, தாங்கலைங்கன்னு சொல்லவா?"

அவள் தாங்கிக்கொண்டுதான் இருந்தாள். போன ஞாயிற்றுக்கிழமை வரைக்கும். நான் வரும் வரைக்கும்.

மார்ச் 15, ஞாயிறு

போன் செய்துவிட்டேன். அக்காவுக்குத் தெரியாமல், மொட்டை மாடியிலிருந்து. என்னென்ன திட்ட வேண்டும் என்று மனதுக்குள் வரிசையாக அடுக்கிவைத்துக்கொண்டுதான் செய்தேன்.

"யாரு... மச்சானா? நல்லா இருக்கியா?"

"நலம் விசாரிக்கப் பண்ணல. பட்டறை லேப்டாப் பாஸ்வேர்ட் என்ன?"

பின்னால் ஏதோ மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமையும் வேலை போல.

"அதை அணைச்சிட்டீங்களா?"

"அது உனக்கு எதுக்கு? பாஸ்வேர்ட் சொல்லு."

"மச்சான், அதை நான் போடல."

"நடிக்காத."

"ஊரை விட்டுப் போறதுக்கு முன்னாடி நான் கடைசியா பட்டறைக்கு வந்தது என் டிசைனை ஒரு காப்பி எடுத்துக்கத்தான். காலி டிஸ்க் ஒண்ணைப் பாக்கெட்ல போட்டுக்கிட்டு வந்தேன். லேப்டாப் ஆஃப்ல இருந்துச்சு. போட்டா பூட்டு. உங்கக்கா கையைக் கட்டிக்கிட்டு நின்னா. என்னன்னு கேட்டேன். பதில் இல்ல. திரும்பி வந்துட்டேன்."

"பொய்."

"சரி, பொய்."

இப்படி ஒத்துக்கொள்கிறவனோடு எப்படிச் சண்டை போடுவது? அடுக்கிவைத்ததில் ஒன்றுகூட வாயில் வரவில்லை. வைக்கப் போகும்போது சொன்னான்: "அந்த டிஸ்க் ரொம்பப் பழசு மச்சான். அணைச்சு அணைச்சுப் போடாத. பாத்துக்க."

எனக்குச் சொல்லிக்கொடுக்கிறான். எனக்கு!

மார்ச் 16, திங்கள்

பட்டறைக்குப் போகவில்லை. பயமா? இல்லை. அலுப்பு. — பயம்தான்.

மார்ச் 17, செவ்வாய்

கேட்டுவிட்டேன். சுற்றி வளைக்க எனக்குத் தெரியாது. செருப்பைக் கழற்றும்போதே கேட்டேன்.

"பாஸ்வேர்ட் நீ போட்டதா?"

நூல் கண்டுகளை நிற வாரியாக அடுக்கிக்கொண்டிருந்தாள். கை நின்றது.

"அவருக்குப் போன் பண்ணியா?"

"ஆமா."

"யாரைக் கேட்டுப் பண்ண?"

"யாரைக் கேக்கணும்? நீ சொல்லியிருந்தா நான் ஏன் பண்றேன்?"

"என் வீட்டு விஷயத்துல உனக்கு என்னடா வேலை? உன்னைத் தூசி தட்டத்தான கூப்பிட்டேன்!"

பிறகு இரண்டு பேரும் கத்தினோம். தெருவுக்கே கேட்டிருக்கும். எதிர்க் கடைக்காரர் எட்டிப் பார்த்தார். அக்கா போய் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு வந்தாள். அப்புறம் அவள் குரல் இறங்கிவிட்டது.

"அந்த டிசைன் எல்லாம் அவர் போட்டதுடா. படத்தைப் பாத்துப் பாத்து ஒவ்வொரு தையலா புள்ளி வச்சு... ஆஸ்பத்திரிச் சின்னம்கூட அவர் போட்டதுதான், பழைய கட்டடத்துக்கு. காப்பி எடுத்துக்கறேன்னு சொன்னதும், எடுத்துக்கிட்டுப் போய் அடுத்த தெருவுலயே கடை போடுவார்னு தோணிடுச்சு. அப்புறம் எனக்கு என்ன இருக்கு? முந்தின நாள் ஒக்காந்து, பூட்டறதுக்கு எத்தனை கட்டம் இருந்துச்சோ அத்தனைலயும் ஒரே வார்த்தையை அடிச்சேன்."

"என்ன வார்த்தை?"

"சத்தியமா ஞாபகம் இல்ல. நல்ல வார்த்தை இல்லைங்கறது மட்டும் ஞாபகம் இருக்கு. அவர் போனதும் ஒரு தடவை அடிச்சுத் தொறந்தேன். கை கூசிச்சு. அதை இன்னொரு தடவை அடிக்கக் கூடாதுன்னுதான் அணைக்கவே இல்ல."

"ரெண்டு வருஷமா அம்மாவும் நானும் அவனைக் கரிச்சுக் கொட்டறோம். பக்கத்துல ஒக்காந்து கேட்டுக்கிட்டே இருந்திருக்க."

"நீங்களா பேசினீங்க. நான் தடுக்கல." ஒரு நூல் கண்டை எடுத்து அடுக்கிவிட்டு, "கேக்க நல்லா இருந்துச்சு," என்றாள்.

அவர் இருந்தப்ப போட்டது. அன்றைக்கு அவள் சொன்னதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. அவனை மனதில் வைத்துக்கொண்டே கேட்டவன் நான்தான். அதற்காக அவளை விட்டுவிடவும் முடியவில்லை. யார் மேல் கோபப்பட வேண்டுமோ அந்த ஆள் மாறிக்கொண்டே இருந்தால் மனுஷன் என்னதான் செய்வான்?

ஷட்டருக்கு அடியில் குனிந்து வெளியே வரும்போதுதான் உறைத்தது. எல்லாக் கட்டத்திலும் ஒரே வார்த்தை. சிப்பை அழிக்கக் கூடாது — படிக்க வேண்டும். சிப்பில் இருக்கும் வார்த்தைதான் டிஸ்க்குக்கும் சாவி. திரும்பி உள்ளே போய் அவளிடம் சொல்லலாம் என்று பார்த்தேன். போகவில்லை. கோபம் இன்னும் இருந்தது.

மார்ச் 18, புதன்

லிஃப்ட் கன்ட்ரோல் போர்டில் இருக்கும் நினைவுச் சிப்பைப் படிக்க எங்கள் கம்பெனியில் ஒரு கருவி உண்டு. அதே வகை எட்டுக் கால் சிப்தான். சூப்பர்வைசரிடம் கேட்டேன்.

"சொந்த வேலையா?"

"ஆமா."

"கேர்ள் ஃபிரெண்ட் லேப்டாப்பா?"

"அக்காவோடது."

"ச்சே. வெள்ளிக்கிழமை சாப்பாட்டு நேரத்துல பண்ணு. கருவி போச்சுன்னா உன்னையே லிஃப்ட்டுக்கு எதிர் எடைக்கல்லா தொங்க விட்டுடுவேன்."

மார்ச் 20, வெள்ளி

படித்துவிட்டேன்.

சிப்பின் கால்கள் அரிசியைவிடப் பொடிசு. முடி மாதிரி மூன்று கம்பிகளை அதில் பற்றவைக்க வேண்டும். கொஞ்சம் சூடு கூடினாலும் கால் கையோடு வந்துவிடும், வார்த்தையும் அதோடு போய்விடும். சூப்பர்வைசர் பக்கத்தில் நின்று பிஸ்கட் தின்றுகொண்டே "கம்பி கோணலா போகுது பாரு" என்றார். தெரிகிறது சார். பிடித்திருப்பது என் கைதான்.

முதல் தடவை வெறும் குப்பை. கம்பி ஒட்டவில்லை. இரண்டாம் தடவையும் அதே. வாயில் வந்ததை எல்லாம் சொன்னேன். மூன்றாவதில் ஒழுங்கான எண்கள். இதில் எழுத்துகள் இருக்காது, எந்த விசையை அழுத்தினோம் என்ற எண்தான் இருக்கும். அட்டவணையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக மாற்றி எழுதினேன்.

ஆங்கில எழுத்தில் எட்டு விசை. வார்த்தை தமிழ்தான்.

திருடன்.

"வந்துச்சா?" என்றார் சூப்பர்வைசர். வந்தது என்றேன். "மூஞ்சி ஏன்டா இப்படி இருக்கு?" என்றார்.

வாயில் சொல்ல முடியாத கெட்ட வார்த்தை ஏதாவது இருக்கும் என்று நினைத்திருந்தேன். அப்படி இருந்திருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். தன் டிசைனைத் தானே எடுத்துக்கொள்ள வந்த ஆளுக்கு இந்தப் பெயர்.

மார்ச் 21, சனி

கட்டத்தில் அடிக்கும்போது அக்கா என் தோளுக்குப் பின்னால் நின்றாள்.

"வெளிய போறியா?" என்றேன்.

"இல்ல. என்னன்னு சொல்லு."

"வேணாம்."

"சொல்லுடா. நான் போட்டதுதானே."

சொன்னேன். விசையைத் தட்டினேன். பூட்டுப் படம் போனது. டிஸ்க்குக்கு இன்னொரு கட்டம் வந்தது. அதிலும் அதே வார்த்தை. டிஸ்க் இருமிக்கொண்டே சுழல ஆரம்பித்தது. விண்டோஸ் வந்தது.

வேறு எதையும் தொடவில்லை. முதலில் காப்பி. ஒன்றில்லை, இரண்டு. டிசைன் ஃபோல்டரில் பெயர்கள் ஓடிக்கொண்டே இருந்தன. பள்ளிக்கூடங்கள், ஹோட்டல்கள், தீயணைப்பு நிலையம், எங்கேயோ இருக்கும் ஒரு நீச்சல் கிளப். எல்லாம் அவர் உட்கார்ந்து போட்டவை. பாதி டிசைன் போடும்போது நான் அந்த அறையிலேயே இருந்திருக்கிறேன். படிக்கிற காலத்தில் சும்மா வந்து உட்கார்ந்து தொணதொணத்துக்கொண்டிருப்பேன். ஒரு நாள்கூட எழுந்து போ என்று அவர் சொன்னதில்லை.

காப்பி முடிந்ததும் எல்லாக் கட்டத்திலும் இருந்த பாஸ்வேர்டை எடுத்தேன்.

"அவர் இங்கேருந்து ஒரு ஊசிகூட எடுத்துக்கிட்டுப் போகலடா," என்றாள் அக்கா. யாரும் கேட்கவில்லை. அவளாகத்தான் சொன்னாள். பிறகு மெஷினைப் போட்டாள். ஆறு தலையும் ஒன்றாக இறங்கின. அதற்கு மேல் என்ன பேசியிருந்தாலும் காதில் விழுந்திருக்காது.

மார்ச் 24, செவ்வாய்

அக்கா ராப்பகலாக ஓட்டுகிறாள். அம்மா வந்து நூல் வெட்டுகிறாள். வெட்டிக்கொண்டே, "அந்தப் பாவி மட்டும் பூட்டாம போயிருந்தா..." என்று ஆரம்பித்தாள்.

"நான் பூட்டினதும்மா," என்றாள் அக்கா.

அம்மாவின் கத்தரி அந்தரத்தில் நின்றது. நான் டீ வாங்கி வருகிறேன் என்று கிளம்பிவிட்டேன். நிதானமாகத்தான் வாங்கினேன்.

மார்ச் 28, சனி

பேட்ஜ் எல்லாம் போய்ச் சேர்ந்தது. ஆஸ்பத்திரி ஆள் ஒன்றை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "பழைய கட்டடத்துல இருந்ததே, அச்சு அசல் அதே மாதிரி இருக்கே" என்றாராம். ஆமா, ஒரே ஆள் போட்டதுதான் என்றாளாம் அக்கா.

சாயங்காலம் காப்பி எடுத்த இரண்டு டிஸ்க்கில் ஒன்றை என் கையில் கொடுத்தாள். டிசைன்கள், எல்லாம்.

"இதை அவர்கிட்ட குடுத்துட்டு வா."

"கூரியர்ல போடு."

"போட மாட்டேன்."

"அப்ப நீயே போய்க் குடு."

"நான் போனா ஏதாவது பேசணும்." கதவு வரை வந்தாள். "என்ன வார்த்தைன்னு கேட்டா —" என்று ஆரம்பித்தாள், முடிக்கவில்லை.

என் லீவு நாளை வீணடிப்பதில் இந்தக் குடும்பத்துக்கு அப்படி ஒரு ஆசை.

மார்ச் 29, ஞாயிறு

பஸ்ஸில் வழி முழுக்க நின்றுகொண்டே போனேன். அத்தான் வேலை செய்யும் இடம் ஊருக்கு வெளியே, பெரிய ஷெட். கேட் வரைக்கும் வந்தார். இளைத்திருக்கிறார். கண்ணாடி போட்டிருக்கிறார்.

டிஸ்க்கைக் கொடுத்தேன். அக்கா கொடுக்கச் சொன்னாள் என்றேன். இரண்டு கையாலும் வாங்கினார்.

"எல்லாமே இருக்கா?"

"எல்லாமே."

"ஞாபகம் வந்துடுச்சா அவளுக்கு?"

"இல்ல. நான்தான் திறந்தேன்."

"என்ன வார்த்தை மச்சான் அது? ரெண்டு வருஷமா யோசிச்சிருக்கேன். என் பேரா இருக்குமோன்னுகூட..."

நான் யாரிடமும் பூசி மெழுகிப் பேசாதவன். அம்மா உட்பட எல்லாரும் திட்டுவது அதற்காகத்தான்.

"தெரியல, அத்தான். சிப்பை அழிச்சுட்டுத்தான் திறந்தேன்."

சிப்பை அழித்தால் டிஸ்க் திறக்காது. பத்து வருஷம் அந்த லேப்டாப்பில் வேலை செய்தவருக்கு அது தெரியாமலா இருக்கும்? என்னையே பார்த்தார். பிறகு டிஸ்க்கைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"சரி மச்சான்," என்றார். "சாப்பிட்டியா? வா."

போனேன்.